முயல் பெருகாத கொட்டில்



முயலைப் பற்றி இரண்டு முறையீடுகள் உண்டு. ஒன்று, சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் போன்ற அடுக்குமாடிப் பேட்டைகளில் கேட்பது. "இரண்டும் பெண் என்று நம்பித்தான் கடையில் வாங்கினோம். சில மாதத்தில் வீடு நிறையக் குட்டி. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?" மற்றொன்று, நம் தோட்டத்து லயங்களில் கேட்பது. "வாத்தியாரையா, கறிக்காகப் பத்துப் பெண்ணும் இரண்டு ஆணும் வாங்கிக் கொட்டிலில் விட்டேன். ஆறு மாதமாய்ப் புல் அறுத்துப் போட்டதுதான் மிச்சம். ஒரு குட்டிகூடத் தங்கவில்லை."

பிராணி ஒன்றுதான். அங்கே வேண்டாம் என்றாலும் பெருகுகிறது. இங்கே வேண்டும் என்று காத்திருந்தும் பெருகவில்லை. இது ஏன்?

தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை விரைவில் கிடைத்துவிடும். கண்ணேறு என்பார் ஒருவர். வீட்டுக்குத் தூரமான பெண் கொட்டிலில் கால் வைத்துவிட்டாள் என்பார் இன்னொருவர். கடைசியில் புதிதாக வந்த மருமகளின் தலையில் பழி விழும். சீட்டுப் பணத்தை எடுத்து முயலில் போட்டு இழந்தவர் யாரையாவது குற்றம் சொல்லத்தான் செய்வார். ஆனால் அந்த மருமகள் மீது குற்றமில்லை என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுச் சாட்சியம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேச இருக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் முயல் என்று ஒரே சொல்லால் இரண்டு வேறு பிராணிகளைக் குறிக்கிறோம். வள்ளுவர் குறிப்பிடும் கானகத்து முயல் தமிழ்நாட்டுக் காட்டு முயல். அது வளை தோண்டாது. புல் மறைவில் தனியே படுத்திருக்கும். அதன் குட்டிகள் உடம்பெல்லாம் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். நாம் கறிக்கு வளர்ப்பது அதன் தூரத்து உறவுதானே ஒழிய அதுவே அன்று. இது வளை முயல். இதன் சொந்த ஊர் ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்சு. இதன் குட்டிகள் கண் திறவாமல், மயிர் இல்லாமல், சிவந்த சதைத் துண்டு போலப் பிறக்கும். ஆழமான இருட்டுக் குழியும் தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் பரப்பும் மயிர் மெத்தையும் இல்லாவிட்டால் அவற்றுக்கு வாழ்வில்லை. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கொட்டிலில் நடப்பதில் பாதி இதற்குள் அடங்கியிருக்கிறது.

முயலைச் சுவருக்குள் வைத்து வளர்த்தவர்களில் நமக்கு எழுத்துச் சான்றோடு தெரிந்த பழமையானவர்கள் உரோமானியர்கள். கி.மு. 37-இல் வாரோ என்ற உரோமானிய அறிஞர் வேளாண்மை பற்றி எழுதிய நூலில், சுற்றுச்சுவர் எழுப்பிய முயல் தோட்டம் ஒன்றை விவரிக்கிறார். முதலில் அதில் காட்டு முயல்களே விடப்பட்டன. பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த வளை முயல்களும் சேர்ந்தன. நம்முடைய பொதுக் கொட்டிலுக்கு மூதாதை அந்தத் தோட்டந்தான்.

அதே காலத்தை ஒட்டி மத்தியதரைக் கடலிலுள்ள பலியாரிக் தீவுகளின் மக்கள் பட்ட பாட்டையும் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். முயல்கள் பயிரையெல்லாம் தின்று தீர்த்ததால், தங்களுக்குப் படை உதவி வேண்டும் என்று அவர்கள் அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் கேட்டார்களாம். முயலை எதிர்த்துப் போர்ப்படை! சுவருக்குள்ளே பேணி வளர்க்க வேண்டிய பிராணி, சுவருக்கு வெளியே அரசாங்கத்தையே அசைத்தது. இந்த முரண்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

கி.பி. 600 வாக்கில் போப்பாண்டவர் ஒருவர் முயல் குட்டியை விரத நாளில் உண்ணலாம் என்று அனுமதித்தார், அதனால் பிரெஞ்சுத் துறவிகள் முயலைப் பழக்கி வீட்டுப் பிராணி ஆக்கினார்கள் என்று ஒரு கதை பல புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் மூலச் சுவடிகளைத் தேடிப் பார்த்து, அப்படி ஓர் ஆணையே இல்லை என்று காட்டிவிட்டார்கள். யாரோ ஒருவர் தவறாகப் படித்ததை மற்றவர்கள் பார்த்து எழுதிய கதை அது. ஆகவே பிள்ளைகள் அதைப் பழைய பாடப் புத்தகத்தில் கண்டால் நம்ப வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 1202-இல் இத்தாலியின் பைசா நகரத்து ஃபிபொனாச்சி தம் கணித நூலில் ஒரு கேள்வி கேட்டார். நாற்புறமும் சுவர் எழுப்பிய இடத்தில் ஒருவன் ஒரு சோடி முயலை விடுகிறான். ஒவ்வொரு சோடியும் மாதம் ஒரு சோடி ஈனும். பிறந்த சோடி இரண்டாம் மாதத்திலிருந்து ஈனத் தொடங்கும். ஓராண்டில் எத்தனை சோடி? விடை 377. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று முன்னிரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் வரிசை அது. இதே வரிசையை நம் இந்திய யாப்பிலக்கண அறிஞர்கள் செய்யுள் அளவுகளை எண்ணும்போது அவருக்கு முன்பே கண்டிருந்தார்கள் என்பது வேறு பெருமை.

அந்தக் கணக்கில் ஒரு முயலும் சாகவில்லை, ஒன்றையொன்று கடிக்கவில்லை, ஒரு பெட்டையும் சினை பிடிக்காமல் இருக்கவில்லை. கணக்குப் பாடத்துக்கு அது போதும். ஆனால் கொட்டில் போட நினைக்கும் நம்மவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். சினைக்காலம் 31 நாள். ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டி. ஆண்டுக்கு ஆறு ஈற்று. பத்துப் பெட்டைக்கு 360 குட்டி. கிலோ இத்தனை வெள்ளி. சுவருக்குள் நடப்பது அந்தக் கணக்கில் இல்லை.

ஃபிபொனாச்சி கணக்கு எழுதிய காலத்திலேயே இங்கிலாந்தில் உண்மையான சுவருக்குள் உண்மையான முயல்கள் இருந்தன. நார்மானியர்கள் கொண்டுவந்த முயல் அங்கே பெரும் பணக்காரரின் உணவு. 1176-ஆம் ஆண்டிலேயே சில்லித் தீவுகளின் முயல்களைப் பற்றிய குறிப்பு கிடைக்கிறது. ஒரு முயலின் விலை ஒரு கோழியைப் போலப் பல மடங்கு! காரணம், அது அந்தக் குளிர் நாட்டில் எளிதில் பெருகவில்லை. காவலாளிகள் அதற்காக மண்மேடு போட்டுக் கொடுத்தார்கள். வளை தோண்டிக் கொடுத்தார்கள். பனிக்காலத்தில் வைக்கோல் வைத்தார்கள். தலையணை வடிவத்தில் அவர்கள் எழுப்பிய அந்த மேடுகளை இன்றும் அங்கே வயல்வெளிகளில் காணலாம். முயலுக்கு முதலில் வேண்டியது தனித்தனி வளை என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் காவலாளி தெரிந்து வைத்திருந்தான். இன்று கொட்டில் போடுகிறவர்கள் பலருக்கு அது தெரியவில்லை என்பது என் வருத்தம்.

போர்ச்சுகல்காரர்கள் 1420-களில் போர்த்தோ சாந்தோ என்ற சின்னத் தீவில் குடியேறியபோது, கப்பலில் ஈன்ற ஒரு முயலையும் அதன் குட்டிகளையும் இறக்கிவிட்டார்கள். அவை பெருகிப் பயிரை எல்லாம் தின்று, குடியேறியவர்களையே கொஞ்ச காலம் தீவை விட்டு ஓடச் செய்தன. ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் வியப்பானது. 1788-இல் முதல் கப்பல் கூட்டத்தோடு ஐந்து வீட்டு முயல்கள் சிட்னிக்குப் போயின. அதன் பிறகு எழுபது ஆண்டு, பலமுறை முயல்கள் கொண்டுபோகப்பட்டும் பெரும் பரவல் ஏற்படவில்லை. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவிலுள்ள தம் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். வேட்டையாடி மகிழ்வதற்கு! கண்டமே முயல்காடாயிற்று. அந்தப் படையெடுப்பு முழுவதும் பெரும்பாலும் அந்த ஒரு கப்பலிலிருந்தே தொடங்கியது என்று 2022-இல் மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது. அவற்றில் காட்டு முயலின் இரத்தம் கலந்திருந்ததே வேற்றுமைக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் கூறியது. நியூசிலாந்திலும் ஒரு குவீன்ஸ்டவுன் உண்டு. அதைச் சுற்றியுள்ள ஒட்டாகோ மலைப்புறத்தில் ஆட்டுக்குப் புல் இல்லாமல் செய்தது இந்த முயல்தான். 1876-இலேயே அந்த நாட்டில் முயல் தொல்லைச் சட்டம் என்று ஒன்று வந்தது.

அப்படியானால் வெளியில் பெருகும் முயல் உள்ளே ஏன் பெருகவில்லை? இதற்கு விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

1905-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டர் ஹீப் ஓர் உண்மையை நிலைநாட்டினார். பசுவைப் போலப் பெண் முயலுக்குக் குறிப்பிட்ட நாளில் கருமுட்டை தானாக வெளிப்படாது. இணை சேர்ந்த பிறகு, ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வெளிப்படும். இதனால்தான் முயல் எந்த மாதமும் சினைப்படக் கூடியது. ஆனால் இதே குணம் பொதுக் கொட்டிலில் கெடுதலாக மாறுகிறது. பல பெண் முயல்கள் ஒன்றாக அடைபட்டிருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தத் தூண்டுதலே போதும், கருமுட்டை வெளிப்பட்டுவிடும். ஆண் சேர்க்கை இல்லாததால் கரு உண்டாகாது. ஆனால் உடம்பு சினை என்றே நம்பிவிடும். பதினாறு பதினெட்டு நாள் வரை அது பொய்ச்சினையாக இருக்கும். அந்த நாட்களில் உண்மையான சேர்க்கையால் பயனில்லை. முடிவில் அது மயிர் பிடுங்கிக் கூடு கட்டும். வீட்டுக்காரர் மகிழ்ந்து காத்திருப்பார். குட்டி வராது. "நேற்றுக் கூடு கட்டியதே, இன்று குட்டியைக் காணோமே" என்று பழி தேடுவது இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மருத்துவமனைச் சாட்சியும் உண்டு. 1931-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃப்ரீட்மன் என்பவர், பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று அறிய முயலைப் பயன்படுத்தும் சோதனையைக் கொண்டுவந்தார். பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசி வழியாகச் செலுத்தி, அதன் சூலகத்தைப் பார்ப்பார்கள். பல ஆண்டு உலகமெங்கும் அது நடந்தது. அந்தச் சோதனைக்கு வைக்கும் பெண் முயல்களைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஒன்றாக விட்டால் முயல்கள் தாங்களே கருமுட்டையை வெளிப்படுத்திவிடும். சோதனை பொய் சொல்லும்.

சினை பிடித்தாலும் கதை முடிவதில்லை. 1940-களில் வேல்ஸ் நாட்டில் ராஜர்ஸ் பிராம்பெல் என்ற பேராசிரியர் காட்டில் பிடித்த முயல்களை ஆராய்ந்து, உண்டான கருக்களில் பெரும் பங்கு வயிற்றிலேயே கரைந்து தாயின் உடம்போடு சேர்ந்துவிடுகின்றன என்று கண்டார். கருச்சிதைவு போல வெளியே எதுவும் வராது. இரத்தம் இல்லை, அடையாளம் இல்லை. பார்ப்பவருக்கு அது மலடு போலத் தோன்றும். நெருக்கடியும் அச்சமும் தீவனக் குறையும் இதை மிகுதியாக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி கான்பராவில் நடந்தது. முயலால் அத்தனை பாடுபட்ட ஆஸ்திரேலியா, அதை அழிப்பதற்காகவே அதன் குடும்ப வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கியது. 1950-களின் இறுதியில் ரோமன் மிக்கிட்டோவிச் என்பவர் வேலி போட்ட நிலத்தில் முயல்களை விட்டு, ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, இரவும் பகலும் கவனித்தார். அங்கே ஒரு முழுத் தோட்ட நிர்வாகமே இருந்தது. ஆண்களில் ஒரு பெரியதனக்காரர். பெண்களில் ஒரு பெரியதனக்காரி. அவர்களுக்குக் கீழே வரிசை வரிசையாக மற்றவர்கள். பெரியதனக்காரி நடு வளையில் ஈன்றாள். கீழ்ப்படியிலுள்ளவை அங்கிருந்து விரட்டப்பட்டு, எங்கோ ஓரத்தில் சின்னக் குழி தோண்டி ஈன்றன. அவற்றின் குட்டிகளே அதிகம் மாண்டன. திறந்த வெளியில் விரட்டப்பட்டவளுக்கு ஓட இடமிருந்தது. பத்துக்குப் பத்தடிக் கொட்டிலில் அவள் எங்கே ஓடுவாள்?

தாய் முயல் பாலூட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். அது நாளுக்கு ஒருமுறைதான் குட்டியிடம் போகும்; மூன்று நான்கு நிமிடத்தில் பால் கொடுத்துவிட்டு, குழி வாயை மண்ணால் மூடிவிட்டு அகன்றுவிடும். நரிக்கும் பாம்புக்கும் வழி தெரியாமல் இருக்க அது செய்யும் தந்திரம். கொட்டிலில் அந்த வாயை மற்றொரு பெட்டை பறித்துத் திறக்கும். தன் குழி என்று உரிமை கொண்டாடும். அங்கிருக்கும் குட்டிகளைக் கடித்தும் கொல்லும். காலையில் நாம் பார்ப்பது சிதறிக் கிடக்கும் குட்டிகளை மட்டும். "தாயே தின்றுவிட்டது" என்கிறோம். பல நேரம் தாய் அன்று, பக்கத்து வீட்டுக்காரி.

இவற்றோடு நம் நாட்டு வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளை முயல் மண்ணுக்கடியில் குளிர்ச்சியில் வாழப் பிறந்தது. நிழல் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது ஆண் முயலின் விந்து கெடும்; கெட்டது சீராக ஏழெட்டு வாரம் ஆகலாம். தகரக் கூரையின் கீழ் மத்தியானம் என்ன சூடு இருக்கும் என்று லயத்தில் வாழும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாந்திநல்லாவிலும் வளர்ந்தது தற்செயல் அன்று. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் முதலிய குளிர்நாட்டு இனங்கள் அந்த மலைக் காற்றில் தழைத்தன. மலையில் பார்த்து மயங்கிச் சமவெளிக்குக் கொண்டுபோனவர்கள் கோடையில் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, கம்பிக் கூண்டுதான் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் இறைச்சி முயல்களைத் தனிக் கூண்டில் அடைத்தே பெரும் தொழில் நடந்தது. வாழ்நாளெல்லாம் எழுந்து நிற்க முடியாத கூண்டு கொடுமை என்று அங்கேயே மக்கள் எதிர்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் பெட்டைகளைக் கூட்டமாக வளர்க்கும் பண்ணைகள் வந்தன. அங்கே ஆராய்ந்தவர்கள் கணிசமான பெட்டைகளின் உடம்பில் கடிகாயம் கண்டார்கள்; புதிய முயலைக் கூட்டத்தில் சேர்க்கும்போது சண்டை வருவதையும் பார்த்தார்கள். அதனால் ஈனும் காலத்தில் தனியாகவும், குட்டி சற்று வளர்ந்தபின் கூட்டமாகவும் வைக்கும் நடுவழியைப் பலர் முயன்று வருகிறார்கள். எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

இப்போது குவீன்ஸ்டவுனைப் பார்ப்போம். அங்கே முன்பு சீன விவசாயிகளின் கம்பம் இருந்தது; போ பே காங் என்று பெயர். எலிசபெத் அரசியாரின் முடிசூட்டை ஒட்டி 1953-இல் குவீன்ஸ்டவுன் என்ற பெயர் வந்தது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்று மேலும் அடுக்குமாடிகளை எழுப்பியது. நம் மலாயா இரயில் 2011 ஜூன் 30 வரை அந்தப் பேட்டையின் ஓரமாகத்தான் தஞ்சோங் பகாருக்கு ஓடிற்று. 1932-இல் நம் இரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கிறது. கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு ஏறியவர்கள் கோழியையும் பன்றியையும் கீழே விட்டுவிட்டே ஏறினார்கள். ஆனால் வளர்ப்புப் பிராணியாக முயலை வீட்டில் வைத்துக்கொள்ளக் கழக விதி இடம் கொடுக்கிறது.

அந்த வீட்டு முயலின் நிலைமையைக் கவனியுங்கள். நிழல் உண்டு; மின்விசிறி உண்டு; விரட்டுவதற்குப் பெரியதனக்காரி இல்லை; மூலையில் ஒரு பெட்டி முழுக்க அதற்கே சொந்தம். ஆணும் பெண்ணும் சேர்ந்துவிட்டால் குட்டி தங்காமல் என்ன செய்யும்? இளம் முயலில் ஆண் பெண் பார்ப்பது கடினம், அதனால் தவறிவிடுகிறார்கள். அங்கே மருத்துவரிடம் அறுவைச் சிகிச்சை செய்து கருத்தடுக்கிறார்கள்.

கூட்டமாக வளர்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1984-இல் சீனாவில் முயல்களைத் தாக்கும் இரத்தப்போக்குக் காய்ச்சல் ஒன்று புதிதாகத் தோன்றி, ஓராண்டுக்குள் கோடிக்கு மேற்பட்ட வளர்ப்பு முயல்களைக் கொன்றது. 2020 செப்டம்பரில் அது சிங்கப்பூரின் வீட்டு முயல்களிடமும் காணப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் பொதுக் கொட்டிலில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். ஆகவே வெளியிலிருந்து வாங்கும் முயலை இரண்டு மூன்று வாரமாவது தனியே, தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஈரத் தரையில் வளரும் குட்டிகளுக்குக் கழிச்சல் நோய் வருவது இதைவிடச் சாதாரணம். தரை காய்ந்திருக்க வேண்டும்.

கொட்டில் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு: பத்துப் பெட்டை வேண்டாம், மூன்று நான்கு போதும், அதுவும் ஒன்றாக வளர்ந்த சகோதரிகளாக இருந்தால் நல்லது. பெட்டைகளின் எண்ணிக்கையை விட ஒன்றிரண்டு அதிகமாகவே குட்டி போடும் பெட்டிகள் வையுங்கள். ஒன்றின் வாயை ஒன்று பார்க்காதபடி, இருட்டாக. ஒளிந்துகொள்ள மரப்பலகைத் தடுப்புகள் வையுங்கள். ஆண் முயல் எப்போதும் தனிக்கூண்டில் இருக்கட்டும். அது உள்ளேயே இருந்தால் ஈன்ற அன்றே மறுபடி சேரும். பெட்டை பாலும் கொடுத்துச் சினையும் சுமந்து எலும்பாகிவிடும். சேர்க்கும்போது பெண்ணை ஆணிடம் கொண்டுபோங்கள். ஆணைப் பெண்ணின் இடத்தில் விட்டால் அவள் கடிப்பாள். காலைக் குளிரில் சேருங்கள். இரண்டு வாரத்தில் அடிவயிற்றை மெல்லத் தடவினால் திராட்சை அளவில் கருக்கள் உருளும். கை பழகியவரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். சினை என்று தெரிந்தால் இருபத்தைந்தாம் நாளில் தனியறைக்கு மாற்றுங்கள்.

சேர்த்த நாள், வயிறு பார்த்த நாள், ஈன்ற நாள், பிறந்த குட்டி, பிழைத்த குட்டி. இந்த ஐந்தையும் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு எழுதிவர வேண்டும். எந்தப் பெட்டை கூடு கட்டி ஏமாற்றியது, எது யாரை விரட்டியது என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். பெரியவர்களை விட ஒழுங்காக எழுதும்.